மூன்றாவது கியரில் ஒரு முனகல்

அத்தியாயம் 17

அந்த வீட்டில் அண்ணனும் தம்பியும் பேசி நான்கு மாதமும் ஒன்பது நாளும் ஆகின்றன.

வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்கு இது தெரியும். இந்த வாரம்தான் வந்து உட்காருகிறவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியவன் கார் மெக்கானிக். வீட்டுக்கு முன்னாலேயே ஒர்க்‌ஷாப். வண்டி விஷயத்தில் அவன் வாயிலிருந்து பொய் வராது என்று ஊரே சொல்லும். கெட்ட நேரம், மனுஷர்கள் விஷயத்திலும் வராது. சின்னவனுக்குப் பெண் பார்த்தபோது, பெண்ணின் அப்பா தன் காரை சர்வீசுக்கு விடுகிற சாக்கில் வந்து, "உங்க தம்பி எப்படி?" என்று கேட்டார். "நல்லவன். ஆனா எந்த வேலையிலயும் ஆறு மாசம் நிக்க மாட்டான்" என்றான் பெரியவன், பிரேக்கைப் பற்றிச் சொல்கிற அதே குரலில். பெண் வீட்டார் அத்தோடு சரி. சின்னவனும் அண்ணனோடு அத்தோடு சரி.

அன்று முதல் அந்த வீட்டில் இரண்டு பந்தி. அண்ணி ஒரே குழம்பை இரண்டு முறை சூடு பண்ணுகிறாள். பேச்சு மட்டும் ஒரே ஒரு வாய் வழியாக. அந்த வாய், இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்தவளுடையது. ஒர்க்‌ஷாப்பின் முன் மேசையில் உட்கார்ந்து ஒன்பது வருஷமாக வேலைச் சீட்டு எழுதுகிறவள். கப்பலில் வேலை பார்க்கிற கணவனோடு வாரத்துக்கு ஒரு முறை பேசுகிறாள். இவர்கள் இரண்டு பேருக்காக நாளைக்கு நாற்பது முறை பேசுகிறாள். எதிர்ச் சாரி டீக்கடைக்காரர் அவளுக்குத் தபால்காரி என்று பேர் வைத்தார். அது ஒட்டிக்கொண்டுவிட்டது.

இப்போது இந்த வாரத்துக் கதைக்கு வருவோம்.

சின்னவன் சொந்தக் கார் ஓட்டிப் பிழைக்கிறவன். அந்தக் காரின் கியர்பாக்ஸ் போய்விட்டது. காயலாங்கடையில் தானே தேடி ஒரு பழைய கியர்பாக்ஸை வாங்கி வந்தான். போன வியாழக்கிழமை அண்ணனும் தம்பியும் சேர்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், அதை மாட்டி முடித்தார்கள். அன்று பார்த்துத் தபால்காரிக்குக் காய்ச்சல். மாட்டிய மறுநாளே வண்டி நடுங்க ஆரம்பித்தது. நடுக்கத்தோடு ஒரு முனகலும் சேர்ந்துகொண்டது.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு அந்த வண்டியை டயாலிசிஸ் சென்டரில் காட்ட வேண்டும். வெளியூர் நோயாளிகளை வாரத்தில் மூன்று நாள் கூட்டி வந்து கொண்டுபோய் விடுகிற வேலை. ஒரு வருஷ ஒப்பந்தம். கிடைத்தால் சின்னவன் இந்த வீட்டிலேயே இருப்பான். கிடைக்காவிட்டால் நாளை மாலை பஸ் ஏறி, இரண்டு நாள் தூரத்தில் இருக்கிற ஊருக்கு லாரி ஓட்டப் போய்விடுவான். டிக்கெட் எடுத்தாயிற்று.

அதனால் இன்று ஒரு நாள்தான் இருக்கிறது.

காலை எட்டரைக்கு அம்மா ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து சூட்கேஸை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"இப்பவே எதுக்கும்மா அதை எடுக்கறே?" என்றாள் தபால்காரி.

"தூசியாவது தட்டி வைக்கிறேன். போறதுன்னு ஆயிட்டா அப்புறம் நேரம் இருக்காது" என்றாள் அம்மா. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள்.

வாசலில் சின்னவன் காரில் சாய்ந்து நின்று பல் குத்திக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

"அக்கா, இதை அவர்கிட்ட சொல்லிடு. இந்த கியர்பாக்ஸ் நானே பாத்துப் பாத்து எடுத்தது. அது சரியில்லன்னு அவர் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வந்துச்சு, நான் சென்டருக்கே போக மாட்டேன். நேரா பஸ் ஸ்டாண்டுதான்."

"நீயே போய்ச் சொல்லேன். பத்தடியில நிக்கிறார்."

"நீ சொல்லு."

அவள் சொன்னாள். பெரியவன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டான். "சரியில்லன்னா சரியில்லன்னுதான் சொல்வேன். வேற என்ன சொல்லணுமாம்?" என்றான். இதைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க அவளுக்குத் தெம்பில்லை. அந்தத் தபாலைப் பாதி வழியிலேயே முழுங்கிவிட்டாள்.

ஊருக்கு வெளியே கிடங்குகள் வரிசையாக இருக்கிற ரோடு அகலமானது, காலையில் கூட்டமிருக்காது. அங்கேதான் ஓட்டிப் பார்க்கப் போனார்கள். சின்னவன் ஓட்ட, பெரியவன் பக்கத்தில். பின் சீட்டின் நடுவில் இவள், இரண்டு சீட்டுக்கும் இடையே தலையை நீட்டிக்கொண்டு.

"அறுபதுல வருதுன்னு சொன்னானே, அறுபதுல போகச் சொல்லு."

"டேய், அறுபதுல போகணுமாம்."

இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது ஒரு கியர் லிவர்தான். அந்த ஒரு முழத்தைத் தாண்ட, செய்தி பின் சீட்டுக்கு வந்து போக வேண்டியிருந்தது. அண்ணன் சொன்னது சின்னவன் காதில் முதலிலேயே விழுந்திருக்கும். இருந்தாலும் அக்கா சொன்ன பிறகுதான் காலை அழுத்தினான். கொள்கைப்பிடிப்பு என்றால் அவனைக் கேட்க வேண்டும்.

ஐம்பத்தெட்டில் நடுக்கம் ஆரம்பித்தது. முதலில் சீட்டின் அடியில், அப்புறம் கதவில், அப்புறம் அவள் பல்லில். முதுகுவலிக்காரர்கள், கையில் ஊசி போட்ட இடத்தைப் பொத்திக்கொண்டு வருகிறவர்கள், இவர்களை இதில் வைத்து இரண்டு மணி நேரம் கூட்டிப்போவதை அவள் நினைத்துப் பார்த்தாள். யாரும் இரண்டாவது முறை ஏற மாட்டார்கள்.

பெரியவன் உள்ளங்கையைக் கியர் லிவர்மேல் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

"இதே வேகத்துல கிளட்சை மிதிச்சு, நியூட்ரல்ல போட்டு, வண்டியை அது பாட்டுக்கு ஓட விடச் சொல்லு."

சொன்னாள். சின்னவன் செய்தான். இன்ஜின் சத்தம் இறங்கியது. வண்டி அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது; நடுக்கம் மட்டும் காணாமல் போனது.

"அப்போ சக்கரம் இல்ல. டயரும் இல்ல. அதெல்லாம் இருந்தா இப்பவும் ஆடணும்" என்றான் பெரியவன், கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு. "ஓரமா நிறுத்தச் சொல்லு. நின்ன இடத்துலயே ரேஸ் பண்ணச் சொல்லு."

நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் லிவர் மறுபடி உதறியது. கிளட்சை மிதித்தால் பாதியாகக் குறைந்தது. விட்டால் திரும்ப வந்தது. மூன்று முறை செய்து பார்த்தார்கள்.

"இன்ஜின் சுத்தறதோட சேர்ந்து வருது. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துலதான் கோளாறு."

"கியர்பாக்ஸுக்குள்ளயான்னு கேளுக்கா" என்றான் சின்னவன் சட்டென்று.

"உள்ளயான்னு கேட்கிறான்."

"உள்ள இல்ல. சேர்ற இடத்துல."

சின்னவனின் தோள் ஒரு விரல் அளவு தாழ்ந்ததை அவள் பின்னாலிருந்து பார்த்தாள். பாவமாக இருந்தது. முப்பத்தோரு வயது ஆள், அண்ணன் தன்னைக் குறை சொல்லவில்லை என்பதற்காக மூச்சு விடுகிறான்.

திரும்பி வரும்போது முனகலும் வந்தது. மூன்றாவது கியரில், கால் ஆக்சிலரேட்டரில் இருக்கும்போது மட்டும். மெல்லிய குரலில் யாரோ அடித்தொண்டையில் இழுக்கிற மாதிரி. காலை எடுத்தால் நின்றது. நாலாவதுக்கு மாற்றினால் இல்லை.

பெரியவன் காதைக் கியர் லிவர் பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தான்.

"இது வேற" என்றான் கடைசியில். "கோணலா உட்காந்தா முனகத்தான் செய்யும். நேரா உட்காந்தா போகலாம். போகாமலும் இருக்கலாம்."

கடைசி வாக்கியத்தை அவள் சின்னவனிடம் திருப்பிச் சொல்லவில்லை. அவன் காதிலேயே விழுந்திருந்தாலும், அவள் சொல்லாதது அவன் கணக்கில் சேராது. அதில் அப்படியொரு வசதியும் இருந்தது.

ஒர்க்‌ஷாப்புக்கு வந்ததும் பெரியவன் முதலில் இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் மவுண்டிங்குகளைத் தளர்த்தி, இன்ஜினை அதன் போக்கில் உட்காரவிட்டு, மறுபடி இறுக்கினான். நடுக்கம் அப்படியே இருந்தது. மணி பத்தரை.

பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனான். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற விளிம்பைக் கட்டை விரல் நகத்தால் சுற்றிலும் தடவிக்கொண்டே வந்தான். மேலே வழுக்கிக்கொண்டு போன நகம், கீழே வந்ததும் ஒரு படியில் இடித்துக்கொண்டது.

அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"ரெண்டு புஷ்ஷையும் யார் போட்டதுன்னு அவன்கிட்ட கேளு."

இதைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற முகத்தில், கட்டை விரல் நுழைகிற அளவில் இரண்டு எஃகு வளையங்கள் உண்டு. போல்ட் இறுக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். எங்கே உட்கார வேண்டும் என்று காட்டுவது இந்த இரண்டு வளையங்கள். ஒர்க்‌ஷாப்பில் அதற்குப் புஷ் என்று பேர். பழைய கியர்பாக்ஸைக் கழற்றும்போது சில சமயம் அதிலேயே ஒட்டிக்கொண்டு போய்விடும். தட்டி எடுத்துப் புதியதில் போட வேண்டும். இது சின்னப்பிள்ளை வேலை. யாரும் மறக்காத வேலை.

அவள் வாசலுக்குப் போய்க் கேட்டாள்.

"நான் எதுக்குப் போடணும்?" என்றான் சின்னவன். "பழசை இறக்கினது அவரு. இறக்கினவங்கதானே தட்டி எடுத்து மாத்தணும்."

அவள் உள்ளே வந்து சொன்னாள்.

"புதுசைக் கழுவித் தயார் பண்ணிக் கொண்டாந்தது அவன். தயார் பண்றவன்தான் புஷ்ஷைப் போட்டுத் தரணும். போட்டுட்டான்னு நெனச்சேன்" என்றது வண்டிக்கு அடியிலிருந்து வந்த குரல்.

"நெனச்சியா? கேட்கலையா?" என்றாள் அவள்.

அடியில் டார்ச் வெளிச்சம் அணைந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஷெட்டின் பின்பக்கம் போனாள். வண்டியிலிருந்து கழற்றிய பழைய கியர்பாக்ஸ் அங்கே ஒரு சாக்கின்மேல் கிடந்தது. காயலாங்கடைக்காரர் வருகிற சனிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போவதாக இருந்தது. குனிந்து அதன் வாயைப் பார்த்தாள். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. இரண்டு வளையமும் எண்ணெய்க் கறையோடு, யாரும் தொடாமல், அப்படியே உட்கார்ந்திருந்தன.

"ரெண்டு பேரும் இங்க வாங்க" என்று கூப்பிட்டாள்.

வந்தார்கள். ஒருவன் இந்தப் பக்கம், ஒருவன் அந்தப் பக்கம். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். இரண்டு பேர் காதும் சிவந்தது.

"அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்" என்றாள் அவள். கோபமாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. குரலில் அலுப்புதான் வந்தது. "ஒரே ஒரு நாள் நான் எழுந்திருக்கல. புஷ்ஷைப் போட்டியான்னு ஒரு கேள்வி. போடலன்னு ஒரு பதில். இதைக் கேட்கக்கூட ஆள் வேணுமா உங்களுக்கு? நாளைக்கு நான் செத்துட்டா ரெண்டு பேரும் எந்தப் பக்கம் தூக்கறதுன்னு யார்கிட்டக் கேட்பீங்க?"

பெரியவன் தொண்டையைக் கனைத்தான். சின்னவன் தரையைப் பார்த்தான்.

"திரும்ப இறக்கணும்னு அவன்கிட்ட சொல்லு" என்றான் பெரியவன்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பதினொன்றரைக்கு வேலை ஆரம்பமானது. சின்னவன் பின்பக்கம் உட்கார்ந்து பழைய கியர்பாக்ஸிலிருந்து புஷ்களைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தான். பெரியவன் காரை உயர்த்தி, அடியில் ஒரு தட்டை வைத்து, கியர்பாக்ஸ் எண்ணெயை வடித்தான். நாலு நாள்தான் ஆகிறது ஊற்றி. தேன் நிறத்தில் வர வேண்டிய எண்ணெய்.

அவள் டீ கொண்டுபோய் வைக்கக் குனிந்தபோது பார்த்தாள். பெரியவன் ஒரு சொட்டை விரலில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, கட்டை விரலால் தேய்த்தான். எண்ணெயில் நைஸாக ஒரு மினுமினுப்பு. ஜிகினாத் தூள் கலந்த மாதிரி.

ஒன்பது வருஷத்தில் மூன்று சீட்டுகளில் அவள் கையாலேயே எழுதியிருக்கிறாள்: எண்ணெயில் மினுமினுப்பு. உள்ளே பல் தேய்கிறது. ஆறு மாதம் தாங்கினால் அதிகம் என்று சொன்னோம்.

அந்த ஒர்க்‌ஷாப்பின் ஒவ்வொரு சீட்டிலும் கடைசி வரி அதற்குத்தான். 'உரிமையாளரிடம் சொன்னது' என்று அச்சடித்திருக்கும். நல்லதோ கெட்டதோ, சொன்னதை எழுதி, அதன் கீழே பெரியவன் கையெழுத்துப் போடுவான். டயாலிசிஸ் சென்டர் மேனேஜர்கூட அதைத்தான் கேட்டிருந்தார். "உங்க அண்ணன் கையெழுத்துப் போட்ட சீட்டு இருந்தா போதும், நாங்க பானட்டைக்கூடத் திறந்து பாக்க மாட்டோம்" என்று சின்னவனிடம் சொல்லியிருந்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இங்கே ஒரு ஃபிட்டர் இருந்தான். நல்ல வேலைக்காரன். ஒரு நாள் ஒரு கஸ்டமர் ஏதோ சத்தம் வருகிறது என்று கேட்டபோது, "ஓட ஓட சரியாயிடும் சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டான். அன்று சாயங்காலமே பெரியவன் அவன் கணக்கை முடித்து அனுப்பினான். "ஓட ஓடச் சரியாகற சத்தம்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது. இதைச் சொல்ல மெக்கானிக் எதுக்கு, ரோட்டுல போறவன் போதுமே" என்றான்.

அந்தப் பெரியவன் இப்போது தங்கையை நிமிர்ந்து பார்த்தான். பிறகு விரலைப் பேண்டில் துடைத்துக்கொண்டான். தட்டை எடுத்துப் போய்க் கழிவு எண்ணெய் டின்னில் தானே கவிழ்த்தான்.

அவள் டீயை வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

கியர்பாக்ஸை இறக்கி, புஷ்களை உட்கார்த்தி, மறுபடி ஏற்றுகிற கட்டம் வரும்போது மணி நாலாகிவிட்டது. இறக்குவது பெரிதில்லை. ஏற்றுவதுதான் உயிரை வாங்குகிற வேலை. கியர்பாக்ஸ் ஜாக்கியின்மேல் தள்ளாடிக்கொண்டு நிற்கும். ஒருவன் அடியில் படுத்து ஏந்திக்கொள்ள வேண்டும். இன்னொருவன் மேலேயிருந்து பார்த்து வாகு சொல்ல வேண்டும். ஒரு நூல் இப்படி, ஒரு நூல் அப்படி.

சின்னவன் அடியில். பெரியவன் மேலே. இவள் பக்கத்தில் ஒரு டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவன் பக்கம் கொஞ்சம் தூக்கச் சொல்லு."

"டேய், உன் பக்கம் தூக்கணுமாம்."

"எவ்வளவுன்னு கேளு."

"எவ்வளவுன்னு கேட்கிறான்."

"ரெண்டு நூல்."

"ரெண்டு நூலாம்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் ஜாக்கி நகர்ந்து, கியர்பாக்ஸ் ஒரு பக்கமாகச் சரிந்து, மறுபடி முதலிலிருந்து. இப்படியே ஆறு முறை. ஏழாவது முறை பெரியவன் வாயைத் திறந்தபோது அவள் எழுந்துவிட்டாள்.

"எனக்கு முடியல" என்றாள். "தலை வலிக்குது. நான் முன்னாடி போய் உட்காரப் போறேன்."

"இந்த நேரத்துல எங்க போறே? கைமேல இவ்வளவு கனம் நிக்குது."

"அதான் கனம் நிக்குதுன்னு தெரியுதில்ல. பேசிக்கோங்க."

போய்விட்டாள். முன் மேசைக்குப் போய், தடுப்புப் பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். காது மட்டும் பலகைக்கு அந்தப் பக்கமே இருந்தது.

ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. இரும்பு உரசுகிற சத்தம். சின்னவன் மூச்சு வாங்குகிற சத்தம். இரண்டாவது நிமிஷமும் ஒன்றுமில்லை. இரண்டு கல்லுளிமங்கர்கள், நடுவில் நாற்பது கிலோ இரும்பு.

பிறகு ஏதோ கிரீச்சிட்டது. அதோடு சின்னவனின் குரல், பதறிக்கொண்டு:

"அண்ணே, விரலை எடு."

ஜாக்கி ஒரு முறை ஆடி நின்ற சத்தம்.

"எடுத்துட்டேன்" என்றது பெரியவனின் குரல். "உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்ல. இப்ப எந்தப் பக்கம்?"

"உன் இடது பக்கம் ஒரு நூல். அவ்வளவுதான். மெதுவா. இன்னும் கொஞ்சம். ஆங், விடு."

டக் என்று ஒரு சத்தம். இரண்டு புஷ்ஷும் தம் இடத்தில் உட்கார்ந்தன.

தபால்காரி மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் நாலு மாதமாகத் தூக்கிக்கொண்டு நடந்த மூட்டையை இறக்கி வைத்தவர்களுக்கு முதலில் தெரிவது சந்தோஷம் இல்லை, தோள்வலிதான்.

ஆறு மணிக்கு மறுபடி அதே கிடங்கு ரோடு. சின்னவன் ஓட்டினான். பெரியவன் பக்கத்தில். இவள் பின் சீட்டில், இந்த முறை ஜன்னலோரமாக, நன்றாகச் சாய்ந்து.

அறுபது. எழுபது. எண்பது. சின்னவன் ஒரு பாட்டிலில் பாதி தண்ணீரை டாஷ்போர்டில் வைத்திருந்தான். தண்ணீர் அலுங்கவில்லை.

"பாத்தியாண்ணே" என்றான் சின்னவன். சிரித்துவிட்டான். "பால் மாதிரி போகுது."

"புஷ்ஷை மறக்காம இருந்தா அப்படித்தான்" என்றான் பெரியவன்.

"யார் மறந்தது?"

"ரெண்டு பேரும்."

ரோட்டின் முடிவில் வண்டியைத் திருப்பி, முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது என்று ஏற்றினான். மூன்றாவதில் அது வந்தது. காலையில் இருந்ததைவிட மெல்லியதாக இருந்தது. ஆனால் நடுக்கத்தின் சத்தம் போய்விட்டதால் இப்போது தனியாக, தெளிவாகக் கேட்டது. அடித்தொண்டையில் ஒரு முனகல்.

சின்னவன் காலை எடுத்தான். நின்றது. அழுத்தினான். வந்தது.

சிரிப்பு அவன் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. வண்டியை ஓரமாக நிறுத்தினான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, திரும்பாமல் கேட்டான்.

"அண்ணே, இது என்ன?"

பின் சீட்டில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாலு மாதமாக அவள் வழியாகப் போய் வந்த கேள்விகள் எல்லாவற்றையும்விட இது பெரிய கேள்வி. இதை அவன் நேராகக் கேட்டிருக்கிறான். இதற்குத் தெரிந்த பதிலைச் சொன்னால் சூட்கேஸ் நாளை பஸ் ஏறும். அண்ணன் என்ற சொல் இன்று நாலு மணிக்குத்தான் திரும்ப வந்தது. ஆறேகாலுக்குள் மறுபடி போய்விடும்.

பெரியவன் தன் விரலைப் பார்த்தான். நகத்தின் ஓரத்தில் எண்ணெய்க் கறை இன்னும் இருந்தது.

"புது எண்ணெய்" என்றான். "ஓட ஓட சரியாயிடும்."

சின்னவன் திரும்பி அண்ணனைப் பார்த்தான். ஃபிட்டரை அனுப்பிய கதை அவனுக்கும் தெரியும். அந்த வார்த்தையை அண்ணன் வாயிலிருந்து அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. அதனாலேயே நம்பிவிட்டான்.

"நீ சொன்னா சரிதாண்ணே" என்றான். வண்டியைக் கிளப்பினான். வீடு வரும்வரை மூன்றாவது கியரில் அது முனகிக்கொண்டே வந்தது. மூன்று பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஏழு மணிக்கு உள்ளேயிருந்து அண்ணி சாப்பிடக் கூப்பிட்டாள். ஒரே குரலில், இரண்டு பேரையும். சின்னவன் கையைக் கழுவிக்கொண்டு ஓடினான்.

தபால்காரி மேசையில் சீட்டை எழுதிக்கொண்டிருந்தாள். வண்டி எண். புகார்: நடுக்கம், மூன்றாவது கியரில் முனகல். செய்த வேலை: கியர்பாக்ஸ் இறக்கி, புஷ் இரண்டும் மாற்றி, திரும்ப ஏற்றியது. நடுக்கம் இல்லை. பேனா கடைசி வரிக்கு வந்து நின்றது.

பெரியவன் எதிரில் வந்து நின்றான்.

"அண்ணே, எண்ணெயை நானும் பாத்தேன்" என்றாள் அவள், மெதுவாக.

"தெரியும்."

"இதுல உக்காரப் போறவங்க நோயாளிங்க."

"தெரியும்மா." அவன் முகம் வேலை முடிந்த முகமாக இல்லை, பத்து வயது கூடின முகமாக இருந்தது. "ஒரு தடவை உண்மையைச் சொன்னேன். வீட்டுல ரெண்டு அடுப்பு எரிஞ்சுது. இன்னொரு தடவை சொல்ல எனக்குத் தைரியம் இல்ல."

"அப்போ இங்க என்ன எழுதட்டும்?"

அவன் அவள் கையிலிருந்து பேனாவை வாங்கினான். வெற்று வரிக்குக் கீழே, எப்போதும் போடுகிற இடத்தில், எப்போதும் போடுகிற மாதிரி கையெழுத்துப் போட்டான். பேனாவை மூடிச் சீட்டின்மேல் வைத்தான்.

"நீயே எழுதிக்கோ" என்றான். சாப்பிடப் போய்விட்டான்.

உள்ளே தட்டு வைக்கிற சத்தம். சின்னவன் ஏதோ சொல்ல, பெரியவன் சிரிக்கிற சத்தம். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவளுக்குக் கணக்குத் தெரியும். நான்கு மாதமும் ஒன்பது நாளும்.

இவ்வளவு நாளாக அவள் கொண்டுபோனதெல்லாம் யாரோ சொன்ன சொல். இந்த முறை கையெழுத்து மட்டும் வந்திருக்கிறது, சொல்லை அவள்தான் போட வேண்டும்.

அம்மா கதவோரம் வந்து நின்றாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். நாலு மாதத்தில் முதல் முறையாக அவள் முகம் தெளிந்திருந்தது.

"ஏம்மா, சூட்கேஸைத் திரும்ப மேல வெச்சிடட்டுமா?"

தபால்காரி பேனாவின் மூடியைத் திறந்தாள்.

"கொஞ்சம் இரும்மா" என்றாள்.